சாண்டோரினியில் அரை நாள்: கப்பல் சுற்றுலாவா, உள்ளூர் ஏற்பாடா, நாமே போவதா?

போன மாதம் அத்தை போனில் கேட்டார்: "ஏதென்ஸ்ல இருந்து நாலு நாள் கப்பல்ல போறோம்டா. சாண்டோரினியில சாயங்காலம் நாலரைக்கு நிக்குமாம், ராத்திரி ஒன்பதுக்குக் கிளம்பிடுமாம். கப்பல்காரங்களே சுத்திக் காட்டறதுக்கு ஆளுக்கு எண்பது யூரோ கேக்கறாங்க. நாமளே போயிட்டு வந்தா ஆகாதா? மாமாவுக்கு முட்டி வேற சரியில்ல."

உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்தத் தீவில் நான் இரண்டு முறை கப்பலிலிருந்து இறங்கியிருக்கிறேன். ஒருமுறை அம்மாவோடு, கப்பலிலேயே வாங்கிய சுற்றுலாவில். இன்னொரு முறை நண்பன் ஒருவனோடு, எந்த முன்பதிவும் இல்லாமல். முதல் முறை காசு அதிகம் போயிற்று. இரண்டாம் முறை கப்பலைத் தவறவிட இருந்தோம். அத்தைக்குச் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் இங்கே எழுதுகிறேன். மற்ற கிரேக்கத் தீவுகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ரோட்ஸ் தீவில் கப்பல் பழைய நகரத்து மதிலுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும், இறங்கி நடந்தால் போதும். சாண்டோரினி அப்படியில்லை.

## முதலில் அந்த மலைச்சுவர்

ஏறக்குறைய 3,600 ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரும் எரிமலை வெடிப்பில் தீவின் நடுப்பகுதி உள்ளே சரிந்து கடல் புகுந்துவிட்டது. கப்பல் நிற்பது அந்தப் பள்ளத்துக்குள்தான். தண்ணீர் மிக ஆழம். பெரிய சுற்றுலாக் கப்பல்கள் அணைய துறைமேடை கிடையாது. கப்பல் நடுவில் நிற்க, சிறு படகுகள்தான் நம்மைக் கரைக்குக் கொண்டுபோகும். டெண்டர் என்று கப்பலில் சொல்வது இதைத்தான்.

தனியாகப் போகிறவர்களைப் படகு இறக்கிவிடுவது ஃபிரா ஊருக்கு நேர் கீழே இருக்கும் பழைய துறைமுகத்தில். ஊர் தலைக்கு மேலே சுமார் 220 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போக மூன்று வழி: கேபிள் கார், 588 படிகள், கழுதை. கப்பலின் சுற்றுலாவை வாங்கியவர்களுக்கு மட்டும் படகு வேறு இடத்துக்குப் போகும். தெற்கே அதினியோஸ் என்ற துறைமுகத்தில் பேருந்து காத்திருக்கும், வளைந்து வளைந்து மலையேறும். அதனால் ஏறும்போது கேபிள் கார் வரிசை அவர்களுக்குக் கிடையாது. விலை வித்தியாசத்தில் பாதி இதற்குத்தான்.

கேபிள் காரில் ஒரு தடவைக்கு ஆறு பெட்டி, பெட்டிக்கு ஆறு பேர், ஆக 36 பேர். பயணம் மூன்று நிமிடம். ஏற்றி இறக்க ஒரு நிமிடம் சேர்த்துக்கொண்டாலும் மணிக்கு 540 பேர்தான் இறங்க முடியும். ஒரே சமயத்தில் 2,000 பேர் கப்பலுக்குத் திரும்ப நினைத்தால் கடைசி ஆளுக்கு மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2025 முதல் ஒரு நாளில் 8,000 கப்பல் பயணிகளுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த 8,000 பேரில் பெரும்பாலோர் இறங்க நம்பியிருப்பது இந்த 36 இருக்கையைத்தான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

## எதை வைத்து முடிவு செய்வது

விலையை முதலில் பார்க்காதீர்கள். கரையில் உண்மையாக எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று முதலில் பாருங்கள். அத்தையின் கப்பலையே எடுத்துக்கொள்வோம். நாலரைக்கு நிற்கிறது. சுற்றுலா வாங்கியவர்களை முதலில் இறக்குவார்கள். மற்றவர்கள் படகுச் சீட்டு எண் கூப்பிடும்வரை கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். கரையில் கால் வைக்க ஐந்தேகால், ஐந்தரை ஆகிவிடும். கடைசிப் படகு புறப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி முன்பாக. எட்டேகால் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் மூன்று மணி நேரம், அல்லது அதற்கும் குறைவு. அதிலும் கேபிள் காருக்கு ஏற ஒரு பங்கு, இறங்க ஒரு பங்கு.

அடுத்தது திரும்பிவரும் உறுதி. கப்பலின் சொந்தச் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. அடுத்த ஊருக்கு நம் செலவில் போய்ச் சேர வேண்டும். அந்த அடுத்த ஊர் துருக்கியிலோ பக்கத்துத் தீவிலோ இருந்தால் அலைச்சலும் செலவும் எங்கேயோ போய்விடும்.

மூன்றாவது முட்டி. நான்காவது மொத்தச் செலவு, விளம்பரத்தில் போட்ட விலை அல்ல. ஐந்தாவது, இத்தனை தூரம் போவது எதைப் பார்க்க? பலரும் கடைசியில் யோசிப்பது இதைத்தான். முதலில் யோசித்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நீல மாடம் வைத்த வெள்ளை வீடுகளா? மண்ணுக்குள் கிடந்த பழைய நகரமா? மலை விளிம்பில் உட்கார்ந்து கடலைப் பார்ப்பதா? மூன்றும் தீவின் வெவ்வேறு மூலைகள். அரை நாளில் ஒன்று நிச்சயம், இரண்டு சிரமம், மூன்று நடக்காது.

## கப்பலில் வாங்கும் சுற்றுலா

பேருந்தில் போய், வடமுனையில் இருக்கும் ஈயா ஊரில் ஒரு மணி நேரம், திரும்பி ஃபிராவில் விடுவது, அங்கிருந்து கேபிள் கார் சீட்டு கையில். இதுதான் வழக்கமான அரை நாள் திட்டம். (எழுத்தைப் பார்த்து நாம் ஓயா என்போம். அங்கே சொல்வது ஈயா. பேருந்து நடத்துநரிடம் ஓயா என்றால் புரிய ஒரு நொடி ஆகும்.)

இதன் பெரிய பலம், முதல் படகு. ஐந்து மணிக்கெல்லாம் பேருந்தில் உட்கார்ந்திருப்பீர்கள். ஏறும் வரிசை கிடையாது. அம்மாவை அழைத்துப்போனபோது இந்த ஒன்றுக்காகவே கொடுத்த காசு தகும் என்று தோன்றியது. கீழே பழைய துறைமுகத்தில் வெயிலில் நின்றவர்களைப் படகிலிருந்தே பார்த்தோம். அலையோ காற்றோ அதிகமாகிக் கப்பல் நிற்காமலே போய்விட்டால் பணம் தானாகத் திரும்பும் என்பதும் சின்ன விஷயமல்ல. ஜூலை, ஆகஸ்டில் மெல்தெமி என்ற வடகாற்று ஏஜியன் கடலில் பலமாக அடிக்கும். டெண்டர் படகை நம்பியிருக்கும் சாண்டோரினி போன்ற ஊர்கள்தான் அப்போது கைவிட்டுப் போகும்.

பலவீனம், கூட்டம். நாற்பது ஐம்பது பேர் ஒரு பேருந்தில். ஈயாவில் பேருந்து நிறுத்தத்திலிருந்து மலைவிளிம்பு வரை வரிசையாக நடந்து, வழிகாட்டி கையில் தூக்கிப் பிடித்த எண் பலகையைப் பார்த்துக்கொண்டே போய், படம் எடுக்க நின்றால் பின்தங்கி, ஓடிப் பிடித்து... அம்மா ஒரு தேவாலய வாசலில் கிழவி ஒருவர் துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்து நின்றுவிட்டார். அங்கே துளசியை இலைக்காக மட்டும் வளர்ப்பதில்லை, வாசலிலும் வைக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை மொழி தெரியாமல் செடியைத் தொட்டுத் தொட்டுப் பேசிக்கொண்டார்கள். நான்தான் நேரமாகிவிட்டது என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். இன்றுவரை அது எனக்குக் குறையாகவே இருக்கிறது.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத சங்கதி ஒன்று: சுற்றுலா பெரும்பாலும் ஃபிராவில் முடிந்துவிடும். இறங்கும் வரிசையில் நிற்பது நம் பாடு. "கப்பல் காத்திருக்கும்" என்ற உறுதி அந்த வரிசைக்கும் சேர்த்தா, பேருந்தில் இருக்கும்வரை மட்டுமா என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அக்ரோதிரிக்குப் போவதென்றால் மட்டும் நான் யோசிக்காமல் வழிகாட்டியோடு போகச் சொல்வேன். அதே எரிமலை வெடிப்பில் சாம்பலுக்குள் புதைந்த நகரம் அது. 1967இல் ஸ்பிரிடோன் மரினாடோஸ் தோண்டத் தொடங்கினார். மேலே கூரை போட்டு மூடியிருக்கிறார்கள், வெயில் படாது. 2005இல் அந்தக் கூரையின் ஒரு பகுதி இடிந்து ஒரு பயணி இறந்தார். பல ஆண்டு மூடிக்கிடந்து 2012இல்தான் மீண்டும் திறந்தது. உள்ளே போனால் மாடி வீடுகள், தெரு, தெருவுக்கு அடியில் கழிவுநீர்ப் பாதை, வைத்த இடத்திலேயே நிற்கும் பெரிய தானியச் சாடிகள். ஆனால் மனித எலும்புக்கூடுகள் கிடைக்கவில்லை. வெடிக்கும் முன்பே நிலம் அதிர்ந்து எச்சரித்திருக்கிறது, ஊர் கிளம்பிப் போயிருக்கிறது. 2025 பிப்ரவரியில் வாரக்கணக்கில் நிலநடுக்கம் வந்தபோதும் ஆயிரக்கணக்கானோர் படகிலும் விமானத்திலும் தீவைவிட்டு வெளியேறினார்கள். இதையெல்லாம் யாராவது சொல்லாவிட்டால் அங்கே இருப்பது தூசி படிந்த சுவர்களும் நடைபாதையும்தான். ஈயாவுக்கு வழிகாட்டி தேவையில்லை. அக்ரோதிரிக்குத் தேவை.

அதினியோஸிலிருந்து அக்ரோதிரி பக்கம். அதனால் கப்பல் சுற்றுலாவில் இது நேரத்தையும் மிச்சப்படுத்தும். மாலையில் நிற்கும் கப்பலுக்கு இது பெரும்பாலும் ஒத்துவராது. திறப்பு நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், பார்த்துவிட்டு வாங்குங்கள்.

## உள்ளூர் ஏற்பாடு

முன்பே இணையத்தில் பதிவு செய்துகொண்டு, ஃபிராவில் கேபிள் கார் மேல்நிலையத்துக்குப் பக்கத்தில் நம் பேரெழுதிய அட்டையோடு நிற்கும் ஓட்டுநரோடு போவது. வேன் என்றால் எட்டுப் பத்துப் பேர். தனிக் கார் என்றால் நாம் மட்டும். நான்கு பேர் சேர்ந்து தனிக் கார் எடுத்தால் ஆளுக்கு வரும் பங்கு கப்பல் சுற்றுலாவின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். இரண்டு பேருக்குக் கட்டுப்படியாகாது.

நல்லது என்னவென்றால் நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்துவார்கள். பிர்கோஸ் என்ற மேட்டு ஊரில் கூட்டம் குறைவு, தீவு முழுக்கத் தெரியும். சிறு பிள்ளைகள் இருக்கும் குடும்பத்துக்கு இதுதான் வசதி.

சிக்கல், நாம் மேலே வந்து சேரும் நேரம் நம் கையில் இல்லை. படகுச் சீட்டு, கேபிள் கார் வரிசை இரண்டும் தாண்டி வருவதற்குள் பதிவு செய்த நேரம் கடந்துவிடலாம். காத்திருப்பார்களா, கப்பல் வராவிட்டால் பணம் திரும்புமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று: கிரேக்கத்தில் தொல்லியல் இடங்களுக்குள் விளக்கம் சொல்ல அரசு உரிமம் பெற்ற வழிகாட்டிக்கு மட்டுமே அனுமதி. ஓட்டுநர் வாசலில் விட்டுவிட்டு வெளியே நிற்பார். "வழிகாட்டியோடு" என்று விளம்பரத்தில் இருந்தால் அது ஓட்டுநரா, உரிமம் பெற்றவரா என்று கேளுங்கள். விலை அங்கேதான் இரண்டு மடங்காகும்.

## நாமே போவது

பழைய துறைமுகத்தில் இறங்கியதும் இடதும் வலதுமாகப் படகுக்காரர்கள் கூப்பிடுவார்கள். பலர் அதை ஏமாற்று என்று நினைத்து விலகிப் போகிறார்கள். விலகாதீர்கள். அது நல்ல ஏற்பாடு. கேபிள் கார் வரிசையில் நிற்காமல் விசைப்படகில் மலைச்சுவரை ஒட்டியே வடக்கே போய், ஈயாவுக்குக் கீழே அம்முதி என்ற சின்னத் துறையில் இறங்கலாம். அங்கிருந்து பேருந்து மேலே கொண்டுவிடும். பிறகு இன்னொரு பேருந்தில் ஃபிரா. ஏறும் வரிசை இதிலும் தப்பிவிடும், விலை கப்பல் சுற்றுலாவில் மூன்றில் ஒரு பங்கு போல. சிவப்பும் கறுப்பும் சாம்பலுமாக அடுக்கடுக்காக நிற்கும் எரிமலைப் பாறையைத் தண்ணீர் மட்டத்திலிருந்து பார்ப்பது பேருந்தில் போகிறவர்களுக்குக் கிடைக்காது.

அதைவிடச் சிக்கனம் அரசல் புரசலாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள்: கேபிள் காரில் ஏறி, பத்து நிமிடம் நடந்து, ஃபிரா பேருந்து நிலையத்தில் ஈயா வண்டி. அரை மணிப் பயணம், சில யூரோதான். நடத்துநர் வண்டிக்குள் வந்து சீட்டுக் கொடுப்பார், சில்லறை வைத்திருங்கள். தீவின் பேருந்துகள் எல்லாம் ஃபிரா வழியாகத்தான். ஈயாவிலிருந்து நேரே அக்ரோதிரிக்குப் போக முடியாது. திரும்பும்போது வண்டி நிறைந்துவிட்டால் அடுத்ததற்குத்தான். டாக்சியை நம்ப வேண்டாம், தீவில் மிகக் குறைவு.

எங்களுக்கு நடந்தது அதுதான். ஈயாவில் ஒரு பேருந்து நிறைந்து போய்விட்டது. அடுத்ததில் வந்து ஃபிராவில் இறங்கியபோது கேபிள் கார் வரிசை தெருமுனை தாண்டி நின்றது. கடைசிப் படகுக்கு ஐம்பது நிமிடம். படியில் இறங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். 588 என்பது எண்ணிக்கை மட்டும்தான். அவை அகலமான, சாய்வான, உருளைக்கல் பதித்த படிகள், லட்சக்கணக்கான குளம்புகள் தேய்த்து வழவழத்தவை. கழுதைச் சாணம் வேறு. கீழிருந்து ஒரு கூட்டம் ஏறிவந்தபோது சுவரோடு ஒட்டி நின்றோம். சேணத்தின் இரும்பு வளையம் நண்பனின் தோளில் உரசிக்கொண்டு போயிற்று. முப்பது நிமிடத்தில் இறங்கினோம், தொடை இரண்டு நாள் வலித்தது. படகு இருந்தது. எங்களுக்குப் பின்னால் இன்னும் எட்டுப் பேர் ஓடிவந்தார்கள்.

கழுதைச் சவாரியைத் தயவுசெய்து எந்தக் கணக்கிலும் சேர்க்காதீர்கள். நூறு கிலோவுக்கு மேலோ கழுதையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலோ சுமையேற்றக் கூடாது என்று 2018இல் கிரேக்க அரசு விதி போட்டது. அப்படியொரு விதி தேவைப்பட்டது என்பதே எனக்குப் போதும். வெயிலில் நாள் முழுக்க அந்தப் படிகளில் ஏறி இறங்கும் மிருகத்தின் கண்ணைப் பக்கத்தில் பார்த்தவர்கள் ஏற மாட்டார்கள்.

## ஃபிராவிலேயே இருந்துவிடுவது

இதை யாரும் ஒரு வழியாகவே சொல்வதில்லை. எனக்கு இதுதான் மிகவும் பிடிக்கும். கேபிள் காரில் ஏறி, வேறெங்கும் போகாமல், இறங்குவது. பேருந்து இல்லை, கடிகாரம் இல்லை. மலைவிளிம்பு நடைபாதையில் வடக்கே ஃபிரோஸ்தெஃபானி வரை நடந்தால் கால் மணி, இருபது நிமிடம். கப்பல் கீழே பொம்மை மாதிரி நிற்கும். நடுவில் கறுப்பாகத் தெரிவது இன்னும் உயிரோடிருக்கும் எரிமலை.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் தொல்லியல் அருங்காட்சியகம் ஒன்று, வரலாற்றுக்கு முந்தைய தீராவுக்கானது. தீரா என்பது தீவின் பழம்பெயர். அக்ரோதிரியில் கிடைத்த சுவரோவியங்களில் சில இங்கே. நீலக் குரங்குகள் பாறைமேல் தாவும் ஓவியத்தின் முன் நான் அரை மணி நின்றேன். அவற்றின் வால் மேலே வளைந்து நிற்கும் விதத்தை வைத்து, அவை நம் ஊர் அனுமன் மந்திகள்தான் என்று சில ஆண்டுகளுக்கு முன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். கிரேக்கத்தில் அந்த மந்தி கிடையாது. சிந்துவெளிப் பக்கம் பார்த்த யாரோ, அல்லது பார்த்தவரிடம் கேட்ட யாரோ வரைந்திருக்க வேண்டும். மாலைக் கப்பல்காரர்கள் போகும் முன் திறப்பு நேரம் பாருங்கள்.

சைவர்களுக்கும் பட்டினி இல்லை. ஃபாவா என்று கேளுங்கள். இந்தத் தீவில் விளையும் மஞ்சள் பருப்பை மசித்து ஆலிவ் எண்ணெய் ஊற்றி வெங்காயம் தூவித் தருவார்கள். பருப்புக் கடைசலில் புளியும் மிளகாயும் இல்லாமல் சாப்பிட்ட மாதிரி இருக்கும். தக்காளி வடையும் உண்டு, சூடாக இருக்கும்போதே சாப்பிட வேண்டும்.

குறை ஒன்றுதான்: ஈயாவைப் பார்க்கவில்லையே என்று ஊரில் எல்லோரும் கேட்பார்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கப்பல் சுற்றுலா | உள்ளூர் கார், வேன் | படகும் பேருந்தும் | ஃபிரா மட்டும் |
|---|---|---|---|---|
| ஏறும் வரிசை | இல்லை | உண்டு | படகில் போனால் இல்லை | உண்டு |
| இறங்கும் வரிசை | உண்டு | உண்டு | உண்டு | உண்டு, ஆனால் நேரம் நம் கையில் |
| தாமதமானால் | கப்பல் காத்திருக்கும், விதியைப் படிக்கவும் | காத்திருக்காது | காத்திருக்காது | தாமதமாகக் காரணமே குறைவு |
| கப்பல் நிற்காவிட்டால் | பணம் திரும்பும் | ஒப்பந்தத்தைப் பொறுத்தது | இழப்பு இல்லை | இழப்பு இல்லை |
| மறைந்த செலவு | குறைவு | கேபிள் கார், நுழைவுச்சீட்டு, வழிகாட்டி | கேபிள் கார் | கேபிள் கார் |
| எப்போது நல்லது | அக்ரோதிரி, முதியவர்கள் | நான்கு பேர், பிள்ளைகள் | நல்ல கால், காலைக் கப்பல் | மூன்று மணிக்கும் குறைவான நேரம் |

எதைத் தேர்ந்தாலும் தப்பாத செலவு ஒன்று உண்டு. 2025 ஜூலையிலிருந்து கப்பலில் வந்து இறங்குகிறவர்களுக்கு அரசு வரி. சாண்டோரினியிலும் மிகோனோஸிலும் கோடைகாலத்தில் ஆளுக்கு 20 யூரோ. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: கப்பல் நடுவில் துருக்கியின் குஷாதாசிக்குப் போய்த் திரும்பினால் ஷெங்கன் எல்லையை (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் பொது எல்லை) விட்டு வெளியே போய் மறுபடி நுழைகிறீர்கள். பலமுறை நுழையும் விசா வேண்டும்.

சூரிய அஸ்தமனத்துக்காகத்தான் மாலைக் கப்பலை எடுத்தேன் என்றார் அத்தை. அவர் போவது ஜூன் கடைசியில். அப்போது அங்கே சூரியன் மறைய எட்டரை தாண்டிவிடும். எட்டேகால் படகைப் பிடிக்க வேண்டியவர் ஈயாவில் நின்று அதைப் பார்க்க முடியாது. அக்டோபர் நடுவில் போனால் ஏழு மணிக்கு முன்பே மறைந்துவிடும், அப்போது முடியும். இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

மாமாவின் முட்டிக்காகக் கப்பல் சுற்றுலாவையே எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டார். ஈயாவில் பக்கத்துச் சந்துகள் எல்லாம் படிதான், பளிங்கு பதித்த பெரிய தெரு மட்டும் ஓரளவு சமம், அதிலேயே நடங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஃபிராவில் இறக்கிவிட்டு "அரை மணி கடை பார்க்கலாம்" என்பார்கள். பார்க்க வேண்டாம், நேரே வரிசைக்குப் போய்விடுங்கள். கீழே பழைய துறைமுகத்தில் காபிக் கடைகள் உண்டு. படகு வரும்வரை மாமா காலை நீட்டி உட்காரலாம். அந்த நேரத்துக்கு மேற்கு வெயில் மலைச்சுவர் முழுக்க விழும், மேலே ஊர் வெள்ளை மாறிச் சிவந்துகொண்டிருக்கும். கழுத்தை நிமிர்த்திப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.